கன்றில் தொடங்கும் கறவை

ஒரு கிலோ பசும்பாலில் ஏறக்குறைய 870 கிராம் தண்ணீர். பாலின் ருசி, சத்து, விலை மூன்றும் மிச்சமுள்ள 130 கிராமில் அடங்கியிருக்கின்றன. அதில் கொழுப்பு 35 முதல் 45 கிராம், புரதம் 32 அல்லது 33 கிராம், பால் சர்க்கரையான லாக்டோஸ் சுமார் 47 கிராம், சுண்ணாம்புச் சத்து முதலான தாது உப்புகள் 7 கிராம். கொழுப்பைப் பால் சொசைட்டியில் ‘பேட்’ என்பார்கள். கொழுப்பு நீங்கலான மற்றத் திடப்பொருள்கள் எல்லாம் சேர்ந்தது ‘எஸ்.என்.எப்.’ ஊற்றும் பாலுக்கு லிட்டர் எவ்வளவோ, அதே அளவு முக்கியம் இந்த இரண்டு எண்களும். பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 சதவீத எஸ்.என்.எப்.பும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி.

இந்தப் பொருள்கள் எல்லாம் ரத்தத்திலிருந்து மடிக்கு வருபவை. ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் வரை ரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். மடியின் சுரப்பிகள் ரத்தத்திலுள்ள குளுக்கோசை லாக்டோசாக மாற்றுகின்றன. அந்த லாக்டோஸ் தன் அளவுக்கு ஏற்பத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது லாக்டோஸ். அது கூடினால் தண்ணீரும் கூடும், குறைந்தால் தண்ணீரும் குறையும். அதனால் பாலில் லாக்டோசின் விகிதம் எளிதில் மாறுவதில்லை. மடிநோய் வந்த மாட்டில் மட்டும் லாக்டோஸ் குறைந்து, அந்த இடத்தை உப்பு நிரப்புகிறது. கறந்த பால் உப்புக் கரித்தால் மடியைச் சோதிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்குக் காரணம் இதுதான்.

கொழுப்பின் குணம் வேறு. ஒரே மாட்டில், ஒரே வேளையில்கூட அது நிலையாக இருப்பதில்லை. காம்பில் முதலில் வரும் பாலில் கொழுப்பு 1 அல்லது 2 சதவீதம்தான் இருக்கும்; கடைசியாக ஒட்டக் கறக்கும் பாலில் 7, 8 சதவீதத்தையும் தாண்டும். முழுவதும் கறக்காமல் விட்டால் சொசைட்டியில் பேட் குறையும். காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கறக்கும் வீட்டில் இரவு இடைவெளி 14 மணி நேரம், பகல் இடைவெளி 10 மணி நேரம். அதனால் காலையில் பால் கூடுதலாகவும் கொழுப்பு குறைவாகவும் இருக்கும். மாலையில் பால் குறைந்து கொழுப்பு கூடும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் தீவனம். மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றில் பெரியதான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், சோளத்தட்டு, பச்சைப்புல் ஆகியவற்றின் நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. பாலின் கொழுப்பில் கணிசமான பகுதி இந்த அமிலத்திலிருந்து மடியில் உருவாவது. பால் கூடும் என்று எண்ணித் தவிட்டையும் மாவையும் அள்ளிக் கொட்டி, தட்டையைக் குறைத்தால் பேட் இறங்கிவிடும். புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. மாட்டுக்குக் கிடைக்கும் எரிசக்தி போதாவிட்டால் புரதம் குறையும், அதோடு எஸ்.என்.எப்.பும் சரியும். அடர்தீவனம் அளவாகவும் நார்த்தீவனம் வயிறாரவும் கிடைக்கும் மாட்டில்தான் இரண்டு எண்களும் ஒருசேர நிற்கும்.

பாலைச் சோதிக்கும் முறைகளில் பழையது லாக்டோமீட்டர். பசும்பாலின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் சேர்த்தால் அது குறையும், மிதவை கீழே இறங்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். பிறகு தண்ணீர் கலந்தால் பழைய அளவுக்கே வந்து நிற்கும். வெறும் ‘டிகிரி’ பார்த்து வாங்கிய காலத்தில் ஆடை எடுத்துத் தண்ணீர் ஊற்றிய பால் நல்ல பாலாகவே கடந்துபோனது. இதை முறியடித்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டீபன் பாப்காக்கும் சுவிட்சர்லாந்தின் நிக்கோலாஸ் கெர்பரும். பாப்காக் தன் கொழுப்புச் சோதனையை 1890இல் வெளியிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கெர்பர் தன் முறையைக் கொண்டுவந்தார். கெர்பர் முறையில் ஒரு கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலமும் பாலும் சிறிது அமைல் ஆல்கஹாலும் சேர்த்து வேகமாகச் சுழற்றுவார்கள். அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் கழுத்தில் மஞ்சள் கோடாக நிற்கும். அதன் உயரமே சதவீதம். இன்று பல சொசைட்டிகளில் சில நொடிகளில் எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டாலும், அவற்றின் துல்லியத்தைச் சரிபார்க்க இன்னமும் கெர்பர் குழாயைத்தான் நம்புகிறார்கள்.

ஆவின் பாக்கெட்டுகளின் நிறங்களும் இந்த எண்களையே சொல்கின்றன. நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கறந்த பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்தோ கூட்டியோ இந்த அளவுகளுக்குக் கொண்டுவருகிறார்கள்.

தீவனமும் கறவை நேரமும் சேர்ந்து கொழுப்பை ஓரளவுக்கு ஏற்றி இறக்கலாம். அந்த ஏற்ற இறக்கம் எந்த எல்லைக்குள் நிகழும் என்பதை முன்கூட்டியே வகுத்துவிடுவது மாட்டின் இனம்.

தமிழ்நாட்டின் சொந்த இனங்களான காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய ஐந்தும் உழைப்பதற்காக வளர்க்கப்பட்டவை. கொங்கு நாட்டின் கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் மேய்ந்து வளரும் காங்கேயம் கவலை இழுக்கவும் வண்டி இழுக்கவும் பெயர்பெற்றது. காவிரிக் கடைமடையின் சேற்று வயலில் சளைக்காமல் உழுவது உம்பளச்சேரி. அந்தியூர் மலைகளில் பட்டியாக மேயும் செம்பழுப்பு மாடு பர்கூர். இவை நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே அதிகம். அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. ஏர் இழுக்கும் காளைக்காக நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்த இனத்திடம் குடம் நிறையப் பாலை எதிர்பார்க்க முடியாது. வெயிலையும் உண்ணியையும் வறண்ட தட்டையையும் தாங்கும் உடலைத்தான் உழவர்கள் அவற்றிடம் கேட்டார்கள்; அவை அதைக் கொடுத்தன.

பாலுக்கென்றே பெயர்பெற்ற இந்திய இனங்கள் வடமேற்கில் பிறந்தவை. குஜராத்தின் கத்தியவார் பகுதியைச் சேர்ந்தது கிர். சாகிவால் பஞ்சாபுக்கு உரியது. சிந்துப் பகுதியிலிருந்து வந்தது சிவப்புச் சிந்தி. 1824இல் தொடங்கப்பட்ட ஓசூர் கால்நடைப் பண்ணையில் அந்த இனம் வளர்க்கப்பட்டது. தார் பாலைவனத்து மாடு தார்பார்க்கர். நல்ல பராமரிப்பில் இவற்றின் பாலில் கொழுப்பு 4.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

மேனாட்டு இனங்களில் தமிழர்களுக்கு நன்கு பழகிய பெயர் ஜெர்சி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கடற்காலில் கிடக்கும் சிறு தீவின் பெயர் அது. வெளிமாடுகள் தீவுக்குள் வரக் கூடாது என்று 1789இல் கடும் சட்டம் போட்டு, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இனத்தைத் தூய்மையாக வைத்திருந்தார்கள். 2008இல்தான் வெளியிலிருந்து விந்து கொண்டுவர அனுமதித்தார்கள். ஜெர்சி சிறிய உடல் கொண்டது. பால் அளவில் முதலிடம் இல்லை, ஆனால் கொழுப்பு 5 சதவீதத்தை எட்டும். நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் தோன்றிய கறுப்பு வெள்ளை மாடு ஹோல்ஸ்டீன் பிரீசியன் இதற்கு எதிர்முனை. உலகிலேயே அதிகம் கறப்பது அதுதான். கொழுப்பு மட்டும் 3.5 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பொதுவாகவே பால் அளவு ஏற ஏறக் கொழுப்பின் சதவீதம் இறங்கும். ஜெர்சிப் பாலின் மஞ்சளுக்குக் காரணம் பச்சைத் தீவனத்திலுள்ள பீட்டா கரோட்டின். எருமை அதை முழுக்க வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் எருமைப்பால் வெள்ளையாக இருக்கிறது.

நாட்டுப் பசுவின் ‘ஏ2’ பால் என்று கூடுதல் விலைக்கு விற்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதம் 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 67ஆவது கண்ணியில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. திமில் உள்ள இந்திய மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் ஏ2. ஐரோப்பிய மாடுகளில் இரண்டும் கலந்திருக்கும். ஏ1 பால் நோய்களுக்குக் காரணம் என்ற கருத்தை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதை நிறுவும் சான்று இல்லை என்று 2009இல் அறிவித்தது. கலப்பின மாட்டிலும் ஏ2 மட்டுமே சுரப்பவை உண்டு. மரபணுச் சோதனை செய்யாமல் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஐரோப்பிய மாட்டின் மடியையும் நாட்டு மாட்டின் தாங்கும் சக்தியையும் ஓருடலில் சேர்க்கும் முயற்சியே கலப்பினம். தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சியையும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியனையும் ஒதுக்கியது. கேரளம் வேறு வழி போனது: சுவிட்சர்லாந்தின் உதவியோடு 1963இல் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் தொடங்கிய திட்டத்தில், பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்துச் ‘சுனந்தினி’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். எங்கானாலும் அயல் ரத்தம் பாதியை ஒட்டி இருக்கும்வரை நன்மை. அது முக்கால் பங்கைத் தாண்டினால் கோடையில் மாடு மூச்சிரைக்கும், தீவனம் எடுக்காது, சினை பிடிக்காது, உண்ணிக் காய்ச்சலுக்கு எளிதில் பலியாகும். கொழுத்த மடி ஒன்றை மட்டும் பார்த்து மேலும் மேலும் அயல் விந்தையே போட்டுக்கொண்டு போனதன் விலையைப் பல வீடுகள் கொடுத்திருக்கின்றன.

கலப்பினத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுசேர்த்தது சினை ஊசி. இந்தியாவில் முதல் செயற்கை முறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் நடந்தது. விந்தை உறையவைத்துக் காக்க கிளிசரின் உதவும் என்று 1949இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவருடைய தோழர்களும் கண்டபின், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் விந்துக் குச்சிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடிந்தது. ஒரு பசு தன் ஆயுளில் எட்டோ பத்தோ கன்று போடும். ஒரு காளைக்கோ ஆயிரக்கணக்கில் மகள்கள் பிறக்க முடியும். அதனால் காளையின் தேர்வு ஒரு வட்டாரத்தின் பாலையே மாற்றும். காளை தானாகக் கறந்து காட்டாது என்பதால், மகள்களின் கறவையை அளந்து தகப்பனை மதிப்பிடுவதே நீண்டகால வழக்கம். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். 2009 முதல் அமெரிக்காவில் காளைக்கன்றின் மரபணுக்களைப் படித்தே மதிப்பிடும் முறை அதிகாரபூர்வமாக வந்தது. இப்போது பெண் கன்று தரும் விந்தணுக்களை மட்டும் பிரித்தெடுத்த குச்சிகளும் கிடைக்கின்றன. பெண்ணாக்கும் விந்தணுவில் மரபுப்பொருள் ஆணாக்குவதைவிட 4 சதவீதம் போல் கூடுதல். அந்த வேறுபாட்டை வைத்துக் கருவி பிரிக்கிறது. பத்தில் ஒன்பது கன்று கிடேரியாக இருக்கும்.

ஊசி போட்டதும் காளையின் எண்ணை எழுதிவைத்துக்கொள்வது பத்துப் பைசா செலவில்லாத வேலை. எழுதாமல் விட்டால், மூன்று ஆண்டு கழித்து அதே காளையின் விந்தை அதன் மகளுக்கே போட்டுவிட நேரும்.

இத்தனை ஆராய்ச்சியும் கடைசியில் வந்து நிற்பது தொழுவத்தின் மூலையில் கட்டியிருக்கும் ஒரு கிடேரிக் கன்றிடம். இரண்டரை ஆண்டுக்கு ஒரு சொட்டுப் பால் தராத உயிர் என்பதால், வீட்டிலேயே மிகக் குறைந்த தீவனம் அதற்குத்தான் போகிறது. பால் வருமானத்தில் நிகழும் பெரிய இழப்பு இங்கேதான். அது கணக்கில் தெரியாததால் யாரும் இழப்பாக எண்ணுவதில்லை.

கன்று நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குப்போல் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குச் செல்வதில்லை. அவை சீம்பாலில்தான் இருக்கின்றன. சாதாரணப் பாலில் 3 சதவீதத்துக்குச் சற்றே மேல் உள்ள புரதம் முதல் சீம்பாலில் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கன்றின் குடல் அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்து 24 மணி நேரத்தில் மூடிவிடும். நஞ்சு விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. நஞ்சு விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அந்த எட்டு மணி நேரமும் கன்றின் வாழ்நாளிலேயே விலைமதிப்புள்ள நேரம். சீம்பால் குடிப்பதால் நஞ்சு தங்கிவிடாது. கன்று ஊட்டும்போது கருப்பை சுருங்கி நஞ்சு விழத்தான் வசதியாகிறது. 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும்.

முதல் வாரங்களில் நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் போதும். குடிக்கும் பால் அசையூண் வயிற்றுக்குப் போகாமல் ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காம் அறைக்குச் செல்கிறது. அசையூண் வயிறு அப்போது சுருங்கிய பை. அதை வளர்ப்பது பாலல்ல, தானியமும் புல்லும். இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத்தீவனத்தை ஒரு பிடி வாயில் தடவிப் பழக்கினால் மூன்று மாதத்தில் பாலை நிறுத்திவிடலாம். பிறந்த பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முதல் குடற்புழு மருந்து. வட்டப்புழுக்கள் தாயிடமிருந்தே பால் வழியாகக் கன்றுக்கு வந்துவிடுகின்றன. நான்காம் மாதம் கோமாரித் தடுப்பூசி. நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசி, கிடேரிக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை.

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியை மட்டும் கறவைக்கென்று வளர்க்க வேண்டாம். தாயின் வயிற்றில் இருவரின் ரத்தக் குழாய்களும் இணைந்து, ஆண் கன்றின் சுரப்புகள் பெண்ணின் கருப்பையை வளரவிடாமல் செய்கின்றன. பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே நிற்கும்.

கிடேரி பருவத்துக்கு வருவது வயதால் அல்ல, எடையால். முழு வளர்ச்சியில் இருக்கப்போகும் எடையில் அறுபது அறுபத்தைந்து சதவீதத்தை எட்டியதும் சினை ஊசி போடலாம். ஜெர்சிக் கலப்பினத்துக்கு அது ஏறத்தாழ 250 கிலோ. பிறந்தபோது 25 கிலோ இருந்த கன்று நாளுக்கு 450 கிராம் ஏறினால் அந்த எடையை 500 நாளில் தொடும். சினைக்காலம் 280 நாள். ஆகவே 26 மாதத்தில் முதல் கன்று. அதே கன்று வெறும் வைக்கோலில் நாளுக்கு 250 கிராம் மட்டும் ஏறினால் 900 நாள் ஆகும். முதல் கன்றுக்கு 39 மாதம். ஓராண்டுக்கு மேல் தீவனம் தின்று சும்மா நின்றதாகிறது. தீவனத்தில் மிச்சம் பிடித்ததாக எண்ணியவர் ஒரு முழு ஈற்றை இழக்கிறார். அதற்காக அளவுமீறிக் கொழுக்கவைப்பதும் தவறு. மூன்றாவது மாதத்திலிருந்து ஒன்பதாவது மாதம்வரை மடித்திசு உடலைவிட வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் கொழுத்த கன்றின் மடியில் சுரப்பித் திசுவுக்குப் பதில் கொழுப்பு சேர்ந்து, பிற்காலக் கறவையைக் குறைத்துவிடும்.

எடை பார்க்கத் தராசு தேவையில்லை, தையல் நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் எலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை வரும். சுற்றளவு 58 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்றால் 255 கிலோ.

எடை வந்த கிடேரி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், தீவனம் குறைக்கும், பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு ஒழுகும், மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கும். இது நீடிப்பது ஒரு நாளுக்குள்தான். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். ஒற்றையாகக் கட்டிக் கிடக்கும் கிடேரியில், அதுவும் இரவில் வரும் பருவம் கண்ணில் படாமல் போய்விடும்; போனால் இன்னும் 21 நாள். தலையீற்றுக்குச் சிறிய கன்று தரும் காளையின் விந்தைக் கேட்டுப் போடுவது நல்லது; இடுப்பு இன்னும் விரியாத கிடேரியில் பெரிய கன்று சிக்கிக்கொள்ளும்.

வயிற்றுக் கன்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில் ஏறுகிறது. கிடேரி தானும் வளர்ந்துகொண்டே கன்றையும் வளர்ப்பதால், கடைசி இரண்டு மாதம் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் கூடுதலாகத் தேவை. அந்த நாட்களில் அருகே சென்று முதுகையும் மடியையும் தடவிப் பழக்கியிருந்தால், கன்று போட்ட முதல் நாளில் உதைக்காது. பயந்த மாட்டுக்குப் பால் இறங்காது.

தலையீற்றில் ஒரு மாடு கொடுப்பது தன் முழுத் திறனில் முக்கால் பங்குக்குள்தான். மூன்றாவது, நான்காவது ஈற்றில்தான் கறவை உச்சத்தைத் தொடும். முதல் ஈற்றில் பால் போதவில்லை என்று கிடேரியைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டாம்.